பட்டிக்குப் பட்டி தீர்வாகாது

திருப்புறம், பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்ப்புறங்களில் 'பட்டி' என்றால் நாய். மலையாளச் சொல்தான்; ஆனால் களியக்காவிளையைத் தாண்டி விளவங்கோட்டுத் தமிழிலும் அதே பொருளில் வழங்குகிறது. இன்னும் கிழக்கே வந்தால் பட்டி என்பது ஆடுமாடுகளை அடைத்துவைக்கும் இடம். 'பட்டிமாடு' என்னும்போதோ, அடைப்புக்கு அடங்காமல் ஊரார் பயிரை மேயும் மாடு. அடைக்கும் இடமும் அடங்காது அலையும் உயிரும் ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன. (இவை ஒரே வேரின் கிளைகளா, தற்செயலாக ஒத்தொலிக்கும் வெவ்வேறு சொற்களா என்னும் வழக்கைச் சொற்பிறப்பியலார் தீர்த்துக்கொள்ளட்டும்.) இன்று நாய்கள் குறித்து நடைபெறும் பொதுவிவாதம் முழுவதும் இந்த இரு பொருள்களுக்கு நடுவே சிக்கிக் கிடக்கிறது. ஒரு தரப்பு, தெருவிலேயே திரியட்டும் என்கிறது. மறுதரப்பு, பிடித்து அடை என்கிறது. வீடு என்னும் மூன்றாவது சொல்லை இரு தரப்பும் வாயளவில் மட்டுமே உச்சரிக்கின்றன.

அந்த வாயளவைச் சோதிக்க ஒரே ஓர் உயிர் போதும்: மீட்கப்பட்ட, உருவில் பெரிய, கலப்பின நாய். தாய் நாட்டு நாய், தந்தை அல்சேஷன் எனக் கொள்வோம். குட்டியாய் இருந்தபோது 'நல்ல இனம்' என்று சொல்லிக் கைமாறியது. ஓராண்டில் முப்பது கிலோ எடைக்கு வளர்ந்தது. கொடுத்தவர் சொன்னபடி காதுகள் நிமிரவில்லை. வீட்டுக்காரர் வளைகுடாவுக்குப் போனார், அல்லது வாடகை வீட்டுக்கு மாறினார், அல்லது அதை வளர்த்த முதியவர் இறந்தார். கழுத்தில் பட்டை இறுகிய தழும்போடு அது ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறது. சிலர் சோறு போடுகிறார்கள். யாரோ மீட்டு, தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, 'நிரந்தர வீடு தேவை' என்று படத்துடன் அறிவிக்கிறார்கள். குட்டியாயிருந்தால் மாலைக்குள் நான்கு பேர் கேட்டிருப்பார்கள். இதற்கு விருப்பக்குறிகள் குவிகின்றன, வீடு வருவதில்லை. கேட்பவர் ஒருவர் வந்தாலும் அவருடைய முதல் வினா, காவலுக்கு ஆகுமா என்பது. அவர் மனத்தில் இருப்பது வீடு அன்று; சுற்றுச்சுவர் ஓரத்தில் ஒரு கூடும் இரண்டு முழச் சங்கிலியும்.

இந்த நாய்க்குச் சட்டத்திலும் இடமில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் விலங்குகளை இரண்டாகப் பிரிக்கின்றன. தனிமனிதர் உடைமையாக உள்ள வளர்ப்பு விலங்குகள் ஒரு வகை. மற்றொரு வகை தெரு விலங்குகள். அதற்குள் சமூகத்தின் உடைமையான இந்திய நாய்களும், கைவிடப்பட்ட மரபுத்தூய நாய்களும் எண்ணப்படுகின்றன. இந்திய நாயா, மரபுத்தூய நாயா? இரண்டும் பாதியான உயிரை அந்த வாக்கியம் தாண்டிப் போய்விடுகிறது. கேரளத்தில் நாய் வளர்க்கப் பஞ்சாயத்து உரிமம் வேண்டும் என்னும் விதி 1998இலேயே உண்டு. அதில் நாய் பன்றியோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பன்றிகள், நாய்கள் உரிமம் வழங்கல் விதிகள் என்பதே அதன் பெயர். தலைப்பிலேயே மனநிலை தெரிகிறது.

கலப்பின நாயைச் சட்டமொழி ஒருமுறை நினைவுகூர்ந்தது, அதுவும் விலக்குவதற்காக. 2024 மார்ச் 12 அன்று ஒன்றிய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 வகை நாய்களுக்கும் அவற்றின் கலப்புகளுக்கும் உரிமம் வழங்கலாகாது என்றது. ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றமும் தில்லி உயர்நீதிமன்றமும் அதைச் செல்லாததாக்கின. சட்டநிலையில் கடிதம் இறந்தது. மக்கள் மனத்தில் இறக்கவில்லை. பெரிய தலையும் அகன்ற மார்பும் கண்டால் 'தடைசெய்த இனமாயிற்றே' என்னும் பேச்சு இன்றும் எழுகிறது.

அந்தப் பட்டியலில் ஒரு பெயர் மொழியியல் மாணவர் எவரையும் நிறுத்திவைக்கும்: 'பேன்டாக்'. இடைக்கால ஆங்கிலத்தில் அதன் பொருள் கட்டிப்போட்ட நாய். அது முதலில் இனப்பெயராக வழங்கிய சொல் அன்று. கயிற்றின் பெயர் நாய்க்கு ஆகிவந்தது. மனிதன் கட்டிய கட்டு, நூற்றாண்டுகள் கடந்து, நாயின் இரத்தத்தில் உள்ள குணமாகப் பட்டியலேறிவிட்டது. இனம் என்னும் கருத்தின் மீது இதைவிடக் கடுமையான விமர்சனத்தை வெளியிலிருந்து எவரும் எழுத வேண்டியதில்லை.

அறிவியல் சொல்வதும் இதற்கு நெருக்கமானதே. 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, 18,000க்கு மேற்பட்ட நாய்கள் குறித்து வளர்ப்போரிடம் தகவல் பெற்று, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றின் மரபணுத்தொகுதியையும் பகுத்தது. தனி நாய்களுக்கு இடையேயான நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்குவது ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே என்றது அதன் முடிவு. அதில் கலப்பின நாய்களும் பெருந்தொகையாக இருந்தன. ஆனால் இங்கே விலங்கு நேயர்கள் அவசரப்பட்டுக் கைதட்ட வேண்டாம். குணத்தை இனம் சொல்லாது. விளைவை எடை சொல்லும். ஐந்து கிலோ நாயின் பதற்றமும் முப்பது கிலோ நாயின் பதற்றமும் ஒரு குழந்தையின் முன் ஒன்றாகா. ஆகவே பெரிய நாய்க்கு வீடு தேடுவது, படம் போட்டுப் பரிதாபம் திரட்டும் வேலை அன்று. அந்தத் தனி நாயை அறிந்து, அந்தத் தனி வீட்டை அறிந்து இணைக்கும் வேலை. இனப்பட்டியல் ஒழிக்க முயல்வது இந்த அறிதலைத்தான். இங்கிலாந்து 2023 டிசம்பர் 31 முதல் 'எக்ஸ்எல் புல்லி' வகையை விற்கவும் கொடுக்கவும் தடைசெய்தபோது, தோளுயரம் முதலான உடலளவுகளே வகையைத் தீர்மானித்தன. காப்பகங்களில் இருந்த அவ்வகை நாய்களைப் புது வீட்டுக்குக் கொடுக்கவே வழியில்லாமல் போனது. சாதுவான நாய்க்கும் அளவுநாடா விலக்களிக்கவில்லை.

எழாம் நூற்றாண்டுக் கல்வெட்டு எழுதியவருக்கு இருந்த தெளிவு நமக்கு ஏன் இல்லை? திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. கள்வரோடு பொருது இறந்த கருந்தேவக்கத்திக்கு எடுத்த அக்கல்லில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரைக் கடித்தது என்றும் எழுத்து சொல்கிறது. இனம் என்ன, கலப்பா தூயதா என்று அந்தக் கல் கேட்கவில்லை. பெயர், உடையவன், செய்த செயல்: ஒரு நாயைப் பற்றி ஊர் அறியவேண்டிய மூன்றும் அதில் இருக்கின்றன.

அடைப்புத் தரப்பின் வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. 2023 ஜூனில் கண்ணூர் மாவட்டம் முழப்பிலங்காட்டில் பேச இயலாத பதினொரு வயதுச் சிறுவன் நாய்க்கூட்டத்தால் கொல்லப்பட்டான். 2025 மே மாதம், தடுப்பூசி போட்டும் பயனின்றி, கொல்லம் மாவட்டத்துச் சிறுமி திருவனந்தபுரத்தில் வெறிநோயால் இறந்தாள். இந்த மரணங்களை 'மனிதர் தவறு' என்னும் ஒற்றைச் சொற்றொடரால் கடந்துபோகும் நாய் நேயம், நேயம் என்னும் சொல்லுக்கே தகுதியற்றது. ஆனால் அச்சத்துக்கு விடையாக முன்வைக்கப்படும் அடைப்பு எதைத் தீர்க்கிறது?

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு தில்லியின் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்க ஆணையிட்டது. பதினொரு நாளில் மூவர் அமர்வு அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் விலக்கு என்றது. நவம்பர் 7இல் கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், தொடர்வண்டி நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்றவும், திரும்ப அங்கே விடாதிருக்கவும் ஆணை வந்தது. பல்கலைக்கழக வளாகங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். எங்கே அகற்றுவது என்னும் வினாவுக்கு எல்லாரிடமும் உள்ள ஒரே விடை: காப்பகம். அதாவது, பட்டி.

பழைய மாட்டுப்பட்டி எப்படி இயங்கியது என்று பார்த்தால் இந்த விடையின் பொய்ம்மை புலப்படும். 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தின்படி பயிரை மேய்ந்த மாடு பட்டியில் அடைக்கப்பட்டது. காவலர் அதைப் பதிவேட்டில் எழுதினார். உடையவர் தண்டமும் தீவனச் செலவும் கட்டி மீட்டார். எவரும் வராவிட்டால் மாடு ஏலத்துக்குப் போயிற்று. மாடு அங்கிருந்து எப்படியும் வெளியேறிவிடும் என்னும் கணக்கில் அமைந்த இடம் அது. நாய்க் காப்பகத்துக்கு அந்த வெளிவாசல் இல்லை. பெரிய கலப்பின நாயைத் தேடி எந்த உடையவரும் தண்டம் கட்டி வரப்போவதில்லை. ஏலம் கேட்பாரும் இல்லை. வந்தவை தங்கும், மேலும் வரும், நெருக்கத்தில் நோய் பரவும், பெரியவை சிறியவற்றைக் கடிக்கும். பிறகு 'மூர்க்கமானது' என்னும் அடைமொழி ஒட்டப்படும். சென்னையின் புகழ்பெற்ற உயர்கல்வி வளாகம் ஒன்றில் அடைப்பில் வைத்த நாய்கள் பல இறந்து, வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனதைக் கல்வியுலகம் அதற்குள் மறந்துவிட்டது. மனித மையவாதத்தைக் கட்டுடைக்கும் கருத்தரங்குகள் மட்டும் தடையின்றி நடந்துவருகின்றன.

இனி, மறுதரப்பு. 'தத்து' என்னும் சொல்லை இவர்கள் படுத்தும் பாடு சொல்லி மாளாது. தத்து என்பது 'கொடுக்கப்பட்டது' என்னும் பொருளுள்ள வடசொல்லின் வழி வந்தது. அதில் கொடுப்பவர் ஒருவர் உண்டு, பெறுபவர் ஒருவர் உண்டு, கொடுக்கல் வாங்கல் மெய்யாக நிகழ்ந்தாக வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: செல்லுபடியான தத்தை இரத்து செய்ய முடியாது. நாய்களுக்கு இந்தச் சொல்லைக் கடன் வாங்கியவர்கள் அதன் கனிவை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டுப்பாட்டை விட்டுவிட்டார்கள். வாகனத்தில் கொண்டுபோய் இறக்கி, ஒரு படம் எடுத்து, 'வீடு கிடைத்துவிட்டது' என்று அறிவித்ததும் கொடுத்தவர் மறைந்துவிடுகிறார். மூன்று மாதம் கழித்து நாய் சங்கிலியில் கிடக்கிறதா, வேறு ஊரில் இறக்கிவிடப்பட்டதா என்று கேட்பாரில்லை. மீட்பில் அனுபவமுள்ளோர், புது வீட்டில் நாய் பதற்றம் தணிய மூன்று நாள், வழக்கம் பழக மூன்று வாரம், வேரூன்ற மூன்று மாதம் என்று கணக்குச் சொல்வார்கள். பெரும்பாலான 'தத்து'கள் முறிவது அந்த மூன்றாம் வாரத்துக்குள். நாய் முன்பு எவரையேனும் கடித்திருந்தால் அதை மறைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. நன்மைக்காகத்தானே என்பார்கள். அடுத்த கடிக்கு அவர்களே உடந்தை.

நெய்யாற்றின்கரை வட்டத்துக் கடற்கரையான அடிமலத்துறையில் 2021 ஜூன் இறுதியில் நிகழ்ந்தது பலருக்கும் நினைவிருக்கும். புருனோ என்னும் லாப்ரடார், படகின் அடியில் கிடந்தபோது தூண்டிலில் கட்டித் தொங்கவிடப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டது. கேரள உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, அந்த வழக்குக்கே புருனோவின் பெயரைச் சூட்டியது. இரங்கலில் நின்றுவிடாமல், வளர்ப்போர் அனைவரும் உள்ளாட்சியில் நாய்களைப் பதிவுசெய்ய வேண்டும் என்றும் ஆணையிட்டது. பெயருக்குக் கிடைத்த புகழ் பதிவுக்குக் கிடைக்கவில்லை. புருனோவுக்கு உடையவர் இருந்ததால்தான் அதன் மரணம் வழக்காயிற்று என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். பேருந்து நிறுத்தத்து நாய் கொல்லப்பட்டிருந்தால் புகார் எழுத எவர் காவல் நிலையம் சென்றிருப்பார்?

பொறுப்பை எழுத்தில் வைக்காத எந்த வீடும் நிரந்தர வீடு ஆகாது. உரிமப் பதிவேடு பஞ்சாயத்தில் ஏற்கெனவே இருக்கிறது. நாய் கைமாறும்போது உரிமமும் கைமாறட்டும். கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் அதில் நிற்கட்டும். தோலடிச் சில்லின் எண் அதில் ஏறட்டும். கருத்தடை செய்யாத நாயைக் கைமாற்றத் தடை வரட்டும். கடித்த வரலாறு மறைக்கப்படாமல் பதியட்டும். வளர்க்க முடியாமற்போனால் கொடுத்தவரிடமே திரும்பும் என்னும் நிபந்தனை எழுத்தில் இருக்கட்டும். திருப்புறத்தில் உரிமம் பெற்ற நாய் களியக்காவிளையில் அலைந்தால், எல்லைக்கு அப்பால் எண்ணைப் படித்து உடையவரை அழைக்க வழி வேண்டும். 1956 நவம்பர் 1இல் வரைந்த மாநிலக் கோடு நாய்க்குத் தெரியாது. கைவிடுபவருக்கு நன்றாகவே தெரியும்.

இவற்றைச் செலவு என்பவர்கள், கைவிடுதலுக்கு இன்று என்ன விலை என்று பார்க்கலாம். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி, பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது குற்றம். முதன்முறை தண்டம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. நாய்க்குட்டியை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குபவர், அது பெரிதானதும் தேநீர்க் காசுக்குத் துறந்துவிடலாம். 2021 இறுதியில், விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் இல்லை என்பதால் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் கருத்தடைப் பணியிலிருந்து விலக்கப்பட்டன. அந்த வெற்றிடத்தை நிரப்புவதில் காட்டாத வேகத்தைக் காப்பகச் சுவர் எழுப்பும் பேச்சில் மட்டும் காட்டுகிறார்கள்.

வளாகங்கள் மாநில அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நவம்பர் ஆணையின்படி நாய்களை அகற்றும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும், அகற்றிய நாய்கள் எத்தனை, எங்கே போயின, தத்துக் கொடுத்தவை எத்தனை, அவற்றில் உருவில் பெரியவை எத்தனை, ஓராண்டு கழித்து உயிரோடு இருப்பவை எத்தனை என்று வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்.