சேத்துல காலை வைங்க

ஐப்பசி மழை விட்டிருந்த ஒருநாள், மகனோட வட்டக்கானல்ல இருந்து வெள்ளகவிக்கு இறங்கினேன். கொடைக்கானலுக்கு கார் ரோடு வர்றதுக்கு முன்னால பெரியகுளம் பக்கத்து ஆளுங்க ஏறின மலைத்தடம் இது. வெள்ளகவிக்காரங்க அரிசியையும் காப்பிக்கொட்டையையும் சுமந்து தேய்ஞ்ச பாதை.

மலைமுதுகுல தடம் குழைஞ்சு கிடந்தது. புது ஷூவுல சேறு படக்கூடாதுன்னு மகன் ஓரத்துப் புல்லை மிதிச்சே வந்தான்.

"நடுவுல வாடா."

"வழுக்கும்ப்பா."

வழுக்கும்தான். கையில கம்பு வச்சுக்கிட்டு, சின்ன எட்டா வச்சு இறங்கணும். ஆனா சரிவுல மண்ணைப் பிடிச்சு வச்சிருக்கிறது அந்தப் புல்லோட வேர். ஆளாளுக்கு ஓரமா ஒதுங்கினா புல் செத்து, ஒத்தையடிப்பாதை வண்டிப்பாதை அகலத்துக்கு விரியும். வளைவுல சுத்தாம குறுக்கே வெட்டி இறங்குறது இன்னும் மோசம். அடுத்த மழைத்தண்ணி அந்த நேர்தடத்துலதான் வேகமெடுத்து ஓடையா அறுக்கும். வரப்பு உடைஞ்ச வயல் மாதிரி மேல்மண்ணு போயிரும்.

இவ்வளவும் சொல்லிட்டு முன்னால நடந்த நானே வழுக்கினேன். சட்டுனு கையைப் பிடிச்சான். "நான் முன்னால போறேன், என் தோளைப் பிடிச்சுக்கோங்கப்பா"ன்னு நடுச்சேத்துல இறங்கினான். முழங்கால் வரைக்கும் சேறு. ஒண்ணும் சொல்லலை.

லீவுக்கு மலையேற வர்றவங்களுக்கும் இதைத்தான் சொல்றேன். ஷூவை வீட்டுல போய் கழுவிக்கலாம். அடிச்சுட்டுப் போன மண்ணை யாரும் மேல கொண்டுவந்து போடப்போறதில்லை.