ஸ்ரீக்கு இரண்டு இலக்கம்

ஜிந்துப்பிட்டி சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் வாசலிலிருந்து செட்டியார் தெரு வரை நடந்து செல்லும் நேயர்கள், 'ஸ்ரீ' என்னும் எழுத்து வழியில் எத்தனை இடங்களிற் கண்ணிற் படுகின்றது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? நகைக் கடையின் பெயர்ப் பலகை, திருவிழா விஞ்ஞாபனம், கல்யாண அழைப்பிதழ், மரண அறிவித்தல் என மங்கலத்திலும் அமங்கலத்திலும் அது நம்முடன் வருகின்றது. நம் வீடுகளிலும் ஸ்ரீதரன்களுக்கும் ஸ்ரீதேவிகளுக்கும் குறைவில்லை.

ஈய எழுத்துக் கோத்த நாளில் இதற்கெனத் தனி அச்சு இருந்தது. எழுத்துக் கோப்பவர் அந்த ஒன்றை எடுத்து வைத்தால் வேலை முடிந்தது. கணினியின் வழி வேறு. அது எழுத்தின் வடிவத்தை அறியாது, இலக்கத்தையே அறியும். உலக மொழிகளின் எழுத்துக்களுக்கு இலக்கமிடும் 'யுனிக்கோட்' நியமம் 1991 இல் முதன்முதலாக வெளிவந்தது. அதில் தமிழுக்குரிய பகுதி 2944 முதல் 3071 வரை 128 இடங்களைக் கொண்டது. 'க' 2965, ஜிந்துப்பிட்டியின் முதலில் நிற்கும் 'ஜ' 2972.

'ஸ்ரீ' கூட்டெழுத்தாகையால் அதற்குத் தனி இலக்கம் கிடையாது. உறுப்புக்களைச் சேர்த்தே அதனை ஆக்கவேண்டும். வடமொழி முறைப்படி அதன் முதலுறுப்பு 'ஶ' என்னும் கிரந்த எழுத்து. அன்றைய பட்டியலில் அவ்வெழுத்து இடம்பெறவில்லை. ஆகவே 'ஸ'வைக் கொண்டு 3000, 3021, 2992, 3008 என நான்கு இலக்கங்களால் எழுதி வந்தனர். 2005 இல் 'ஶ'வுக்கு 2998 என்னும் இலக்கம் கிடைத்தது. அன்று முதல் 2998 இல் தொடங்குவதே சிறந்த முறையாயிற்று. எனினும், முன்னர் எழுதியவை முன்னர் எழுதியபடியே இருக்கின்றன. பழைய முறையில் எழுதுவோரும் பலர். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகவே தோன்றும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கோ இரண்டு!

இதனால் வரும் கேடு யாது எனலாம். கடல் கடந்து வாழும் பேரன் ஒருவன், பழைய மரண அறிவித்தல்களின் தொகுப்பிலே ஸ்ரீதேவி என்னும் தன் பாட்டியின் பெயரைத் தேடுகின்றான் என்று கொள்வோம். தொகுப்பில் இருப்பது 3000. அவன் விரல் தட்டியது 2998. இரண்டும் ஒன்றெனக் கணினிக்குக் கற்பிக்கப்படாவிடின், 'இல்லை' என்றே விடை வரும். பெயரோ அங்கேயே இருக்கின்றது. திக்குத் திக்காய்ப் பிரிந்து போன நம்மவர்க்கு ஒரு பெயர்ப்பட்டியலே உறவின் கடைசிச் சான்றாய் எஞ்சுவதுண்டு. அங்கே 'இல்லை' என்பது சிறிய சொல்லன்று.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. ஆர்மீனிய மொழியில் 'உம்' எனப் பொருள்படும் 'யெவ்' என்னும் கூட்டெழுத்துக்கு 1415 எனத் தனி இலக்கம் உண்டு. அதனையே பிரித்தெழுதினால் 1381, 1410 என இரண்டு. அம்மொழியின் முதற் பத்திரிகை 1794 இல் அச்சேறியது நம் அண்டையிலுள்ள சென்னையிலேதான் என்பதையும் நேயர்கள் அறிந்துகொள்ளலாம். ஈயத்தில் வார்த்த எழுத்தாயினும் இலக்கத்தில் அமைந்த எழுத்தாயினும், சிறுபான்மை மொழிகள் தம் காரியத்தைத் தாமே கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

பரிகாரம் கடினமன்று. இரு வடிவங்களையும் ஒன்றாகவே கொள்ளுமாறு யுனிக்கோட் நியமமே பரிந்துரைக்கின்றது. தேடு கருவிகளை ஆக்குவோர் அதனைக் கைக்கொள்ள வேண்டும். கோயிற் சபையினரும் பழைய மாணவர் சங்கத்தினரும் தம் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும்போது ஒரே முறையைத் தெரிந்து, அதனை ஏட்டின் முகப்பிற் குறித்து வைப்பது நன்று. தேடுவோர் பெயர் கிடைக்கவில்லையெனில் மனந்தளராது, 'ஸ்ரீ'யை விட்டு 'தேவி' என்று மட்டும் தேடிப் பார்ப்பாராக. பாட்டி அங்கே காத்திருக்கக் கூடும்.