மறுபடியும் கரிமூட்டத்துக்கா?

கண்மாய்ச் சீமைக்கருவையை அதிகாரிகள் இந்தத் தடவையும் விறகு விலைக்கே ஏலம் விடுவதென்று தீர்மானித்துவிட்டார்கள். நாட்டரசன்கோட்டைப் பக்கம் இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படவில்லை. எரிச்சல்தான் மிச்சம்.

ஏலம் எடுத்தவர் என்ன செய்வார் என்பது ஊரறிந்த சங்கதி. தூரோடு பெயர்க்க வேண்டும் என்று நிபந்தனையில் இருக்கும். நின்று பார்க்க ஆள் இருக்காது. தரைமட்டத்துக்கு அறுத்துக்கொண்டு போவார், அடுத்த மழைக்கு ஒரு தூரில் நாலு கிளை துளிர்க்கும். அறுத்த கட்டையை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, ஈரமண் பூசி மூட்டம் போடுவார்கள். நாள்கணக்கில் புகைந்தபின், ஏறக்குறைய நாலு டன் விறகுக்கு ஒரு டன் கரி தேறும். மற்றதெல்லாம் வானத்துக்கு. கூலிக்கு மூட்டம் போடுகிறவர்மேல் நமக்குக் கோபமில்லை; இதற்குமேல் அந்தக் கட்டைக்கு மதிப்பில்லை என்று முடிவுகட்டியவர்கள்மேல்தான்.

உண்மையில், காய்ந்த கட்டையில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு நார்ப்பொருளான செல்லுலோஸ். நீர்த்த அமிலத்தில் வேகவைத்தால் அதோடு கலந்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ் சைலோஸ் சர்க்கரையாகக் கரைந்து வரும். காஸ்டிக் சோடா, நாரைப் பிணைத்திருக்கும் லிக்னினைக் கழற்றிவிடும். வெளுத்த கூழை 64 சதவீதக் கந்தக அமிலத்தில், 45 டிகிரிச் சூட்டில் முக்கால் மணி நேரம் வைத்தால், நெகிழ்ந்த பகுதி சர்க்கரையாகக் கரைய, கெட்டியான படிகம் மிஞ்சும். அதுதான் நானோசெல்லுலோஸ், காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் வலுவூட்டுவது. பஞ்சிலிருந்து இதை எடுக்க மும்பைப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனம் 2015-லேயே மாதிரி ஆலை நிறுவிவிட்டது.

அமிலத்தைக் கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது என்பார்கள். நியாயமான கேள்வி. ஆக்சாலிக் அமிலத்தில் செய்தால், ஆறவைத்துப் படிகமாக்கி அமிலத்தைத் திரும்ப எடுக்கலாம். வேறு வழியும் இருக்கலாம். கேட்கத்தான் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறதே! அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டியது. ஒரு சாக்கு மரத்தூளை அங்கே அனுப்பி யோசனை கேட்க என்ன செலவாகிவிடும்?

ஆனால் இந்த அதிகாரிகள் யாரையும் கேட்டுப் பழகியவர்கள் அல்லர். விறகுப் பஞ்சம் தீரும் என்று கருவை விதையை வறண்ட சீமையெங்கும் தூவியதும் இதே நாற்காலிகள்தாம். பிறகு தைலமரம் வந்தது. அப்புறம் காட்டாமணக்கு: தரிசில் டீசல் காய்க்கும் என்றார்கள், நட்டவர் கைக்கு வந்தது நஷ்டம். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கருவையை அகற்றச் சொன்னபோது அரிவாளோடு போட்டோவுக்கு நின்றார்கள். 2022-ல் அந்நியத் தாவரங்களுக்கென்று கொள்கையே வெளியிட்டார்கள். கருவை என்னவோ மடைவரை நிற்கிறது. பெயர்ப் பலகை மாற்றுவதில் காட்டும் சுறுசுறுப்பில் பாதியைக் கண்மாயில் காட்டியிருந்தால் இந்நேரம் தண்ணீர் தெரிந்திருக்கும்.

தூரோடு எடுக்கவும், எடுத்ததை விறகுக்கு மேலான பொருளாக மாற்றவும் ஏதாவதொரு ஏற்பாடு செய்தாக வேண்டும். எந்தத் துறை, எந்த நிதி என்பதை அவர்களே உட்கார்ந்து பேசட்டும். அதுவரை இந்த ஏலத்தையாவது நிறுத்திவைக்கட்டும்.