மாப்பிள்ளைக்குச் சீனாவில் வேலை, பொண்ணுக்கு என்ன விசா?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். தை பிறந்தால் நம்மில் பல வீடுகளில் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிடும். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். சிலருக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும்.

"மாப்பிள்ளை சீனாவில் இன்ஜினியர்" என்றதும் நம் ஆட்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். சம்பளம் எவ்வளவு? சொந்த வீடு இருக்கிறதா? பெண் வீட்டில் எத்தனை சவரன் போடுவார்கள்? அங்கே பாம்பு, தவளை எல்லாம் சாப்பிடுவார்களாமே? இவ்வளவும் கேட்பவர்கள் ஒன்றை மட்டும் கேட்பதில்லை. பெண் எந்த விசாவில் போகிறாள்?

சீனாவுக்கு வேலைக்குப் போகிறவருக்கு இசட் விசா. கூடப் போகும் மனைவிக்கு எஸ்-1 விசா. போய் இறங்கி 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த அனுமதியை வைத்துக்கொண்டு அவள் வேலை செய்ய முடியாது. மீறினால், 2013 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் சட்டப்படி 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். விஷயம் பெரிதென்றால் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு. வேலைக்குப் போகத்தான் வேண்டும் என்றால், ஒரு நிறுவனம் அவளுக்கென்று தனியாக வேலை அனுமதி வாங்கித் தர வேண்டும். "ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கலாமே" என்பீர்கள். அதற்குப் பொதுவாக ஆங்கிலம் தாய்மொழியான நாட்டின் பாஸ்போர்ட் கேட்கிறார்கள்.

இதைச் சீனாவின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் நாடு, அவர்கள் சட்டம். ஒளித்தும் வைக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று மூன்று நாள் சண்டை போடும் நம் பெரியவர்கள், இதை விசாரிக்க அரை மணி நேரம் செலவழிப்பதில்லை. என் கோபம் அவர்கள் மேல்தான்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி கணவனோடு குவாங்சோவில் இருக்கிறாள். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் கேட்காதீர்கள். எண்ணூரில் மீன் கூடை தூக்கி அவளைப் படிக்க வைத்தவர் அவள் அம்மா. பி.இ. முடித்து மூன்று வருடம் வேலை பார்த்தாள். எஸ்-1 என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. கணவன் நல்ல பையன். அவனும் இதை யோசித்திருக்கவில்லை.

அவள் ஒரு போட்டோ போட்டால் போதும். "ஜாலியா ஊர் சுத்துறா, கொடுத்து வச்சவ" என்று சொந்தக்காரர்கள் எழுதுகிறார்கள். அவள் சுற்றுகிற ஊரைக் கேளுங்கள்.

எண்ணூர்ப் பெண்ணுக்கு மீன் சந்தை புதிதா? அங்கே தொட்டியில் உயிரோடு நீந்தும் மீனைக் கை காட்டினால் பிடித்து வெட்டித் தருவார்கள். விலைப் பலகையைப் பார்த்து, கிலோ மலிவு என்று சந்தோஷமாக வாங்கினாள். பணம் கொடுக்கும்போது கணக்கு இரண்டு மடங்கு. அங்கே விலை சொல்வது ஜின் கணக்கில், ஒரு ஜின் அரைக் கிலோ. அடுத்த முறையிலிருந்து யாரும் அவளை அசைக்க முடியவில்லை.

மொழியும் அப்படித்தான். "மா" என்பதை நான்கு விதமாக இழுத்தால் அம்மா, சணல், குதிரை, திட்டுவது என்று நான்கு பொருள். "நம்ம மாமரம், மாவு, விலங்கு எல்லாம் ஒரே மாதானே டீச்சர், பழகிடும்" என்றாள். ஆசிரியர் இல்லாமல், கடைக்காரர்களிடம் பேசிப் பேசியே கற்றுக்கொண்டாள். வீடு மாறினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். அதையும் அவளே போய் முடித்தாள்.

அங்கே வாட்ஸ்அப், பேஸ்புக், யூடியூப் எதுவும் நேராகத் திறக்காது. வி.பி.என். கிடைக்காத நாளில் அவள் கூப்பிடாவிட்டால், "திமிர் வந்துடுச்சு" என்கிறாள் நாத்தனார். கூப்பிட்டால், "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்கிறார் மாமியார்.

காய் வாங்குவதிலிருந்து பஸ் டிக்கெட் வரை பணம் எல்லாம் போனில்தான், வீசாட், அலிபே. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கிக் கொடுத்தவள் இவள். இன்று கறிவேப்பிலை வாங்கவும் கணவன் அவள் போனுக்குப் பணம் அனுப்ப வேண்டும். அவன் கணக்குக் கேட்பதில்லை. ஆனாலும் கை நீட்டுகிற நிலைமை நிலைமைதானே? காலையில் அவன் போனால் இரவுதான் வருவான். அதுவரை அந்தப் பன்னிரண்டாவது மாடியில் அவளும் அவள் பி.இ. பட்டமும்தான்.

சீனாவின் சுவான்சோவில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த செய்தியை நீங்கள் எல்லோரும் எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். எனக்கும் பெருமைதான். அன்று கடல் கடந்து போய்ச் சிவன் கோயில் கட்டிய வணிகனுக்கு உச்சி குளிர்கிறீர்கள். இன்று அதே நாட்டில் தனியாக நின்று குடும்பம் நடத்தும் நம் பெண்ணுக்கு மட்டும் "ஊர் சுத்துறா" என்று பட்டமா?

சீனா மட்டும் இல்லை. சிங்கப்பூரில் 2021 மே மாதத்திலிருந்து துணைவருக்கான அனுமதி மட்டும் போதாது, வேலைக்குத் தனி அனுமதி வேண்டும். அமெரிக்காவில் ஹெச்-4 விசாவில் போகும் மனைவிக்கு, கணவனின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் வேலை செய்ய வழி. அதுவும் 2015-லிருந்துதான். நாட்டுக்கு நாடு விதி வேறு. விசாரித்தால்தான் தெரியும்.

"இதையெல்லாம் கேட்டால் சம்பந்தம் தட்டிப்போகும் டீச்சர்" என்பார்கள். விசா பற்றிக் கேட்டதற்கே தட்டிப்போகிற சம்பந்தம் போகட்டும். "அவன்தான் சம்பாதிக்கிறானே, இவள் எதற்கு?" என்பார்கள். அப்படியானால் அந்த அம்மா எதற்குக் கூடை தூக்கினார்? பெண் வீட்டில் இருக்க விரும்பினால் இருக்கட்டும். ஆனால் தெரிந்து முடிவெடுக்கட்டும். தெரியாமல் போய் மாட்டிக்கொள்வதற்குப் பெயர் விருப்பம் இல்லை.

நிச்சயத்துக்கு முன்னால் கேளுங்கள். எந்த விசா, அதில் வேலை செய்யலாமா? முடியாதென்றால் எத்தனை வருடம், அதற்குள் என்ன படிக்கலாம்? அவள் பெயரில் வங்கிக் கணக்கு இருக்குமா? பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? திரும்பி வர நினைத்தால் டிக்கெட் போட அவளிடம் பணம் இருக்குமா? 2020 மார்ச் 28-ல் சீனா வெளிநாட்டவருக்குக் கதவைச் சாத்தியபோது, விடுமுறைக்கு வந்தவர்கள் இங்கேயும் துணைவர் அங்கேயுமாக இரண்டு வருடத்துக்கு மேல் தவித்த குடும்பங்கள் உண்டு. அதையும் மனதில் வையுங்கள்.

திருமணத்தைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2009-லிருந்து அது சட்டம், விசாவுக்கும் அந்தச் சான்றிதழ்தான் வேண்டும். குவாங்சோவிலும் ஷாங்காயிலும் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. வெளியுறவுத் துறையின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதியலாம். பெண்ணின் போனில் அந்த எண்களை ஏற்றி அனுப்புங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் என் மாணவிகளே, உங்கள் நாட்டில் விதி எப்படி என்று கீழே எழுதுங்கள். இங்கே வரன் பார்ப்பவர்கள் படிக்கட்டும். குவாங்சோக்காரி, வி.பி.என். கிடைக்கும்போது நீயும் படித்துவிட்டு, நான் எங்காவது தப்பாக எழுதியிருந்தால் திருத்து.

அன்புடன்,
உங்கள் டீச்சர், எண்ணூர்