நேற்று என்பது எந்த நாள்?

கணிப்பொறி காலத்தை எண்ணும் முறை எளியது. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் 1970ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் கிரீன்விச் நள்ளிரவிலிருந்து நொடிகளை எண்ணி வருகின்றன. அந்த நெடிய எண்ணை அப்படியே முன்வைத்தால் எவருக்கு விளங்கும்? எனவேதான் மென்பொருள் அமைப்போர், ஒரு செய்தி வந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதை, "5 நிமிடங்களுக்கு முன்", "3 நாட்களுக்கு முன்" என மனிதர் பேசும் பாங்கில் காட்ட முற்பட்டனர். நல்ல முயற்சியே. ஆயினும் எந்த மனிதர் பேசும் பாங்கு என்று நாம் கேட்க வேண்டியுள்ளது.

"1 நாளுக்கு முன்" என்று தமிழர் எவரும் பேசுவதில்லை, நேற்று என்கிறோம். அதற்கும் முந்தியது முந்தாநாள். எழுத்து வழக்கில் நேற்று முன்தினம். யூனிகோடு கூட்டமைப்பு பேணிவரும் மொழித்தரவுத் தொகுப்பில் இச்சொல்லும் "நாளை மறுநாள்" என்பதும் இடம்பெற்றே உள்ளன. இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியும் 2020ஆம் ஆண்டுத் தரத்திலேயே இவற்றைக் கையாளும் வசதியைப் பெற்றுவிட்டது. ஆனால் கேட்டால்தான் தரும். கேளாவிடின் "1 நாளுக்கு முன்" என்றே எழுதும். கேட்கத் தெரிந்த நிரலாளர் தமிழும் அறிந்தவராக இருத்தல் வேண்டும். நம் மாணவர்க்கு இங்கே வேலை இருக்கிறது.

சொல்லினும் சிக்கலானது கணக்கு. இரவு 11 மணிக்கு வந்த செய்தியைப் பின்னிரவு 1 மணிக்குப் படிக்கிறோம். கடந்தது இரண்டே மணி நேரம். எனினும் அது நேற்றைய செய்தி. ரியாத்திலிருந்து மகன் இரவு 10 மணிக்கு அனுப்புவது காயல்பட்டினத்துத் தாயை நள்ளிரவு 12.30க்கு எட்டுகிறது. மகனுக்கு இன்று, தாய்க்கு மறுநாள். பிறைக் கணக்கிலோ கதிரவன் மறைந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. வியாழன் மாலை மறைந்ததும் வெள்ளி இரவு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பிழையன்று. மென்பொருள் அதை அறியாது, அவ்வளவே.

இவையெல்லாம் வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. உதவித்தொகை அறிவிப்பொன்றை மாணவர் ஒருவர் திரையிலிருந்து அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார். வெளியான நாள் என்ற இடத்தில் "2 நாட்களுக்கு முன்" என்றிருந்தது. 15 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது கீழே. அத்தாள் மூன்று வாரம் அங்கே இருந்தது. மூன்று வாரமும் அது "2 நாட்களுக்கு முன்" என்றே கூறிற்று. காலம் கடந்தபின் நிறைவு செய்த விண்ணப்பங்களுடன் மாணவியர் இருவர் நம் அறை வாயிலில் வந்து நின்றனர். நாம் என்ன விடை சொல்வது?

அன்றாட உரையாடலுக்கு "சற்று முன்", "நேற்று" போதும், அவை இனிமையானவையும்கூட. ஒரு வாரம் கடந்தால் முழுத் தேதி வரட்டும். அச்சிடும்போதும் படமெடுக்கும்போதும் தேதி உடன்வர வேண்டும். தேர்வு, கடன், மருந்து, நீதிமன்றம் ஆகியவற்றைப் பற்றிய திரைகளிலோ, நாள், மாதம், ஆண்டு மூன்றும் எழுதப்பெறாத எதையும் வெளியிடலாகாது என்பதே நம் கருத்து.