ஆட்டக்காரரின் பெறுமதியை அளப்பது எவ்வாறு?

வட அமெரிக்கப் பனி ஹொக்கியில் ஸ்ரான்லி கிண்ணத்துக்கான இறுதிக்கட்டச் சுற்று ஆண்டுதோறும் ஏப்பிரல் நடுவில் தொடங்குவது வழக்கம். அதற்கு முந்திய வாரங்களில் ஓயாது எழும் வாதம் ஒன்றுண்டு: பெயர்பெற்ற வீரர் தளர்ந்திருக்க, புதியவர் நன்கு ஆடுவாராயின், எவரை இறக்குவது? 2023இல் புளோரிடா பாந்தர்ஸ் அணி இதற்களித்த விடை சிந்திக்கத்தக்கது.

அவ்வணியின் கோல் காப்பாளர் செர்கெய் பொப்ரொவ்ஸ்கி, சிறந்த காப்பாளருக்குரிய வெசினா விருதை 2013இலும் 2017இலும் பெற்றவர். 2019இல் ஏழாண்டுகளுக்கு 7 கோடி டொலருக்கு அமர்த்தப்பட்டார். அங்கே ஓரணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2022-23 பருவத்தில் அது 8 கோடியே 25 இலட்சம் டொலர். அதில் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு இவரொருவருக்கே! அப்பருவத்திலோ, கோலை நோக்கி வந்த நூறு அடிகளில் தொண்ணூறளவே தடுத்தார். பணம் பாழாயிற்றென்று பலரும் ஏசினர். பருவத்தின் கடைசி நாள்களில் அணியைக் கரைசேர்த்தவர் அலெக்ஸ் லயன் என்னும் மாற்றுக் காப்பாளரே. ஆகவே, சுற்றின் முதலாட்டத்தில் லயனே காவல் நின்றார். அது நீதியே.

எதிரணியோ, அப்பருவத்தில் 65 ஆட்டங்களை வென்று சாதனை படைத்த பொஸ்டன். மூன்றாம் ஆட்டத்தில் லயன் தடுமாறவே, பொப்ரொவ்ஸ்கி களமிறக்கப்பட்டார். ஒன்றுக்கு மூன்றெனப் பின்தங்கிய புளோரிடா, அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று பொஸ்டனை வெளியேற்றியது. நம்மவர் பெருந்தொகையாய் வாழும் ரொறன்ரோவின் அணியும், பின்னர் கரோலினாவும் வீழ்ந்தன. இறுதியில் வேகாஸ் அணியிடம் தோல்வியுற்றதாயினும், 2024இலும் 2025இலும் எட்மன்டனை வென்று புளோரிடா கிண்ணத்தைக் கைப்பற்றியபோது காவல் நின்றவர் அதே பொப்ரொவ்ஸ்கியே!

பழம்பெயரே என்றும் வெல்லுமென்பது நம் வாதமன்று. இன்று எவரை இறக்குவதென்பதற்கு அண்மைய ஆட்டமே அளவுகோல். எவரைக் கைவிடலாகாதென்பதற்கு நெடுநாள் ஆற்றலே அளவுகோல். இரண்டையும் குழப்புவோரே பெரும்பிழை செய்வோர். ஒரு காலபோகம் பொய்த்தமைக்காக வயலை விற்கும் கமக்காரன் உளனோ? பயிற்றுநர் போல் மொரிஸ், லயனை நிறுத்தியபோது பெருஞ்சம்பளத்துக்கு அஞ்சவில்லை. பொப்ரொவ்ஸ்கியை மீண்டும் அழைத்தபோது ஊரார் ஏச்சுக்கும் அஞ்சவில்லை. வீரரைத் தெரிவுசெய்வோர் எவராயினும் அவர்க்கு வேண்டுவது இவ்விரு துணிவுமேயாம்.