பெயர் ஒன்று, வண்டி இரண்டு: டில்லியில் பழைய கார் வாங்குவோர் கவனத்துக்கு

டில்லியில் ஓடும் பழைய கார்களின் கதி என்ன என்ற கேள்விக்கு, 2025 டிசம்பர் 17-ம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு புதிய பதிலைக் கொடுத்தது. பத்து வருடம் கடந்த டீசல் வண்டிகள் மீதும், பதினைந்து வருடம் கடந்த பெட்ரோல் வண்டிகள் மீதும் கடும் நடவடிக்கை வேண்டாம் என்று அதே கோர்ட் ஆகஸ்ட் 12-ம் தேதி உத்தரவிட்டிருந்தது. டிசம்பர் உத்தரவு அந்தப் பாதுகாப்பைச் சுருக்கிவிட்டது. பி.எஸ்-4 தரமும் அதற்கு மேற்பட்ட தரமும் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே சலுகை, பி.எஸ்-3 தரமும் அதற்குக் கீழும் உள்ள வண்டிகளுக்கு இல்லை என்று கோர்ட் தெளிவுபடுத்தியது.

அதாவது, முன்பு வண்டியின் வயதை மட்டும் கேட்ட இடத்தில் இப்போது அதன் தரத்தையும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால், பதில் சொல்வது அவ்வளவு சுலபமல்ல. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே வருடம், ஒரே நிறம். இருந்தும் ஒரு வண்டி பி.எஸ்-4 ஆகவும் இன்னொன்று பி.எஸ்-3 ஆகவும் இருக்கலாம். இது எப்படி நேர்ந்தது என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். கரோல் பாக் பழைய கார் சந்தையில் வண்டி வாங்குகிறவர்களும், ஊரில் வாங்கிய வண்டியை டில்லிக்குக் கொண்டுவந்தவர்களும் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் போட்ட கோடு

1995 ஏப்ரல் 1-ம் தேதி முதல், டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் 'கன்வர்ட்டர்' கட்டாயமாக்கப்பட்டது. ஈயம் கலந்த பெட்ரோலை ஊற்றினால் அந்தக் கன்வர்ட்டர் கெட்டுவிடும். ஈயம் கலக்காத பெட்ரோலோ அன்றைக்கு முதலில் இந்த நான்கு நகரங்களுக்குத்தான் வந்தது. ஆகவே, நகரத்துக்கு ஒரு கார், மற்ற ஊர்களுக்கு ஒரு கார் என்ற பிரிவினை அன்றே தொடங்கிவிட்டது.

பிறகு வந்த 'பாரத் ஸ்டேஜ்' விதிகளும் இதே வழியில்தான் நடந்தன. பி.எஸ்-2 தரம் 2000-ல் டில்லிக்கு வந்தது. 2001-ல் மற்ற மூன்று பெருநகரங்களுக்கு. 2005-ல் நாடு முழுவதும் பி.எஸ்-2 வந்தபோது, 11 நகரங்கள் பி.எஸ்-3-க்குப் போய்விட்டன. 2010-ல் நாடு முழுவதும் பி.எஸ்-3 வந்தபோது, 13 நகரங்கள் பி.எஸ்-4-க்குப் போய்விட்டன. தலைநகர்ப் பகுதி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூர், ஹைதராபாத், ஆமதாபாத், புனே, சூரத், கான்பூர், ஆக்ரா, லக்னோ, சோலாப்பூர் ஆகியவையே அந்த 13. பிறகு இந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. 2017 ஏப்ரல் 1-ம் தேதிதான் நாடு முழுவதும் பி.எஸ்-4 ஆனது. 2020 ஏப்ரலில் பி.எஸ்-5-ஐத் தாண்டி நேராகப் பி.எஸ்-6 வந்தது, அது எல்லா ஊர்களுக்கும் ஒன்றாகவே வந்தது.

ஆக, 1995 முதல் 2017 வரை இருபத்திரண்டு வருடங்கள், கார் எந்த ஊரில் விற்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் தரம் அமைந்தது.

காரணம் எண்ணெயில் இருந்தது. பி.எஸ்-3 டீசலில் பத்து லட்சம் பங்குக்கு 350 பங்கு வரை கந்தகம் இருக்கலாம், பி.எஸ்-4 டீசலில் 50 பங்கு, பி.எஸ்-6-ல் 10 பங்கு. கந்தகத்தை எடுக்க எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் பெரும் முதலீடு செய்ய வேண்டும். எல்லா ஆலைகளும் ஒரே நாளில் மாறும்வரை காத்திருந்தால் டில்லியின் காற்று தாங்காது என்பதால், நகரங்களுக்கு முதலில் என்று முடிவாயிற்று. அன்றைய நிலைமையில் அதற்கு வேறு வழி இருந்திருக்காது. ஆனால், அந்தக் கோட்டின் விளைவு இன்றைக்கு வண்டிக்காரர் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

மாருதி 800: ஓர் உதாரணம்

மாருதி 800-ஐத் தெரியாதவர் இல்லை. 1983 டிசம்பரில் குர்கானில் இருந்து வெளிவந்த இந்த வண்டி, 1986-ல் புதிய உடல் பெற்றது. அந்த உடல் ஜப்பானில் சுஸுகி ஆல்டோ என்ற பெயரில் ஓடியது. அங்கே சிறிய கார்களுக்கு 550 சி.சி. என்ற சட்ட வரம்பு இருந்ததால் 543 சி.சி. இன்ஜினோடு ஓடியது. இங்கே அதற்கு 796 சி.சி. இன்ஜின். பாகிஸ்தானில் அதே உடல் 'மெஹ்ரான்' என்ற பெயரில் 1989 முதல் 2019 வரை விற்பனையானது. மூன்று நாட்டு வண்டிகளையும் வரிசையாக நிறுத்தினால் சகோதரர்கள் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். பானெட்டைத் திறந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

நாட்டுக்கு நாடு இருந்த இந்த வித்தியாசம் இந்தியாவுக்குள்ளேயே ஊருக்கு ஊர் வந்தது என்பதுதான் விசேஷம். 1995-க்குப் பிறகு டில்லியில் விற்ற புதிய 800-ல் கன்வர்ட்டர் கட்டாயம். அப்போது மதுரையில் அந்தக் கட்டாயம் இல்லை. 2010 ஏப்ரலில் பி.எஸ்-4 வந்தபோது, இந்தப் பழைய மாடலைத் தரம் உயர்த்துவதில்லை என்று கம்பெனி முடிவு செய்தது. 13 நகரங்களில் விற்பனை நின்றது. மற்ற ஊர்களில் தொடர்ந்தது. 2014 ஜனவரியில்தான் உற்பத்தி அடியோடு நின்றது.

இதில் இருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. '2012 மாடல் மாருதி 800' என்று ஒருவர் டில்லியில் விற்க வந்தால், அது டில்லியில் புதிதாக விற்கப்பட்ட வண்டி அல்ல, வேறு ஊரில் இருந்து வந்தது, தரம் பி.எஸ்-3. பெட்ரோல் வண்டி என்பதால் 2027-ல் அதற்குப் பதினைந்து வயது ஆகும். டிசம்பர் உத்தரவு அப்படியே நீடித்தால், அன்று அதற்குப் பாதுகாப்பு இருக்காது. இது தெரியாமல் இன்றைக்கு வாங்குகிறவர் ஒன்றிரண்டு வருட ஓட்டத்துக்காகவே பணம் கொடுக்கிறார்.

டீசலில்தான் நெருக்கடி

மாருதி 800-ஐயாவது இப்படிக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். பொலேரோ, சுமோ போன்ற டீசல் வண்டிகளில் அதுவும் முடியாது. அவற்றை ஒரே காலத்தில் பி.எஸ்-3, பி.எஸ்-4 என்று இரண்டு தரத்திலும் கம்பெனிகள் விற்றன. விலைப் பட்டியலில் இரண்டும் தனித்தனியாகவே இருந்தன. வெளித் தோற்றத்தில் பெரிய வேறுபாடு கிடையாது.

2014-ல் பதிவான இரண்டு பொலேரோக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று டில்லியில் வாங்கியது, மற்றொன்று பி.எஸ்-4 அதுவரை எட்டாத ஒரு சிற்றூரில் வாங்கியது. இரண்டுக்கும் 2024-லேயே பத்து வயது முடிந்துவிட்டது. டிசம்பர் உத்தரவின்படி முதல் வண்டிக்குப் பாதுகாப்பு உண்டு. இரண்டாவது பி.எஸ்-3 என்றால், அதற்கு இல்லை. பிடித்துக்கொண்டு போனால் கேட்பதற்கு நாதி இல்லை.

டெம்போவும் ஜீப்பும் வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இது வயிற்றுப்பாட்டுப் பிரச்னை. மலிவு என்று பி.எஸ்-3 வண்டியை வெளியூரில் வாங்கி, அங்கே உறவினர் முகவரியில் பதிவு செய்து, நகரத்தில் ஓட்டுவது அந்தக் காலத்தில் ஊரறிந்த வழக்கம். முதல் சொந்தக்காரர் அன்றே லாபம் பார்த்துவிட்டார். மூன்றாவது, நான்காவது கையாக வாங்கியவர்தான் இன்றைக்கு நஷ்டப்படுகிறார்.

பி.எஸ்-4 டீசல் வைத்திருப்பவரும் முழு நிம்மதி அடைய முடியாது. குளிர்காலத்தில் காற்று மாசு ஏறி மூன்றாம் கட்டக் கட்டுப்பாடு வந்தால், டில்லியிலும் பக்கத்துக் குருகிராம், ஃபரிதாபாத், காசியாபாத், நொய்டா பகுதிகளிலும் பி.எஸ்-3 பெட்ரோல் கார்களோடு பி.எஸ்-4 டீசல் கார்களும் நிறுத்தப்படுகின்றன.

வருடத்தை நம்ப முடியாது

"2010-க்குப் பிறகு வந்த வண்டி என்றால் பி.எஸ்-4" என்று சில தரகர்கள் அடித்துச் சொல்வார்கள். அது தவறு. 2017 மார்ச் 29-ம் தேதி சுப்ரீம் கோர்ட், ஏப்ரல் 1 முதல் பி.எஸ்-3 வண்டிகளை விற்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அப்போது கம்பெனிகளிடமும் விற்பனையாளர்களிடமும் தேங்கியிருந்தவை சுமார் 8.24 லட்சம் வண்டிகள். பெரும்பகுதி இருசக்கர வண்டிகள். அடுத்த இரண்டு நாட்களில் நாடெங்கும் கடைகளில் கூட்டம் அலைமோதியது. இருசக்கர வண்டிகளுக்கு 22,000 ரூபாய் வரை தள்ளுபடி கிடைத்தது. ஆகவே, 2017-ல் பதிவான பி.எஸ்-3 வண்டியும் உண்டு. 2010-ல் டில்லியில் பதிவான பி.எஸ்-4 காரும் உண்டு. வருடம் ஒரு துப்பு மட்டுமே; சாட்சி ஆகாது.

அடையாளம் காண்பது எப்படி?

முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகம். புதிய அட்டைகளில் புகைத் தரம் அச்சாகியிருக்கும். பழைய புத்தகத்தில் அது இல்லாவிட்டாலும், மாடல் பெயர் எழுதிய இடத்தில் பெயருக்குப் பின்னால் பி.எஸ்-3 அல்லது பி.எஸ்-4 என்று சேர்த்திருப்பது உண்டு. அந்த வாலை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்க வேண்டியதே அதுதான்.

இரண்டாவது, மத்திய அரசின் பரிவாஹன் பதிவேடு. வண்டி எண்ணைக் கொடுத்தால் கைபேசியிலேயே விவரம் வரும். தரம் என்ற இடம் காலியாக இருந்தால், விற்பவரிடம் வண்டி புதிதாக வாங்கியபோது கொடுத்த 'படிவம் 22'-ஐக் கேட்க வேண்டும். வண்டி எந்தப் புகை விதிக்கு உட்பட்டது என்று கம்பெனியே கொடுக்கும் சான்று அது.

மூன்றாவது, சேஸிஸ் எண். பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்ட இந்த வரிசையில் முதல் மூன்று எழுத்துகள் நாட்டையும் கம்பெனியையும் காட்டும். 'எம்.ஏ.3' என்றால் மாருதி, 'எம்.ஏ.டி.' என்றால் டாடா. உள்ளே தயாரிப்பு வருடத்துக்கும் குறியீடு உண்டு. புத்தகத்தில் உள்ள எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று கட்டாயம் ஒப்பிட வேண்டும்.

நான்காவது, முதல் பதிவு எந்த ஊரில் நடந்தது என்பது. இப்போது டில்லி எண் இருக்கலாம். பிறந்த ஊர் வேறாக இருக்கலாம். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்குப் புதிய எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. எண் மாறுவதால் வண்டியின் தரம் மாறிவிடுவதில்லை. திருநெல்வேலியில் 2011-ல் வாங்கிய பி.எஸ்-3 வண்டி டில்லி எண் வாங்கினாலும் பி.எஸ்-3 வண்டிதான்.

கண்ணாடியில் ஒட்டும் வண்ணச் சீட்டை மட்டும் நம்புவது போதாது. இளநீலம் பெட்ரோல் அல்லது சி.என்.ஜி. என்றும், ஆரஞ்சு டீசல் என்றும் காட்டும். மேலே பச்சைப் பட்டை இருந்தால் பி.எஸ்-6. பி.எஸ்-3-க்கும் பி.எஸ்-4-க்கும் உள்ள வேறுபாட்டை அந்த வண்ணம் சொல்லாது.

யார் பொறுப்பு?

டில்லியின் காற்று கெட்டிருக்கிறது. அதில் குழந்தைகளும் முதியவர்களும் மூச்சுவிட வேண்டும். அதிகம் புகை விடும் வண்டிகளை முதலில் நிறுத்துவது சரியே. வயதைவிடத் தரத்தைப் பார்ப்பது முன்பிருந்த முறையைவிட அறிவுக்குப் பொருந்துகிறது.

ஆனால், பி.எஸ்-3 வண்டியை அரசு அனுமதித்துத்தான் கம்பெனி செய்தது. அரசு வரி வாங்கிக்கொண்டுதான் பதிவு செய்தது. ஊருக்கு ஒரு தரம் என்று கோடு போட்டதும் அரசே. அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு ஆர்.சி.யிலும் தெளிவாக எழுதியிருந்தால், இன்றைக்கு இந்தக் குழப்பம் இருக்காது. இப்போதாவது பதிவேட்டில் காலியாக உள்ள இடங்களைக் கம்பெனிகளின் கணக்கைக் கொண்டு நிரப்ப வேண்டும். பழைய வண்டி விற்பவர் அதன் தரத்தை ரசீதில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி செய்ய வேண்டும்.

பழைய வண்டியை முறையாக உடைக்கக் கொடுத்தால், புதிய சொந்த வண்டிக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்று 2021-ல் மத்திய அரசு விதி செய்தது. வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரை. புதிய வண்டி வாங்க வசதி உள்ளவருக்கு இது உதவும். மூன்றாம் கையாக மாருதி வாங்கியவருக்கு இதனால் என்ன பயன்?

அதுவரை, வாங்குபவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியதுதான். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் போதும்: வண்டியின் தரம் என்ன, முதல் பதிவு எந்த ஊர்? இரண்டுக்கும் பதில் காகிதத்தில் வர வேண்டும். வாயால் மட்டும் பதில் சொல்கிறவரிடம் வண்டி வாங்காமல் இருப்பதே நல்லது.